சித்திரை வீதியில் எதிர்ச்சுற்று

நான் ஓடுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதை விதித்தது வேறு யாருமில்லை, நான்தான். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறுக்குள் திரும்பிவிடுவேன். அந்த ஒரு மணி நேரமும் மகள் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் எழுந்து என்னைத் தேடி அழுதாள் என்று தெரிந்தாலும் ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவேன். கணவரிடம் இதைச் சொன்னபோது சரி என்றார்.

"அவ எழுந்தா மறைக்காம சொல்லணும்" என்றேன்.

"சொல்றேன்மா" என்றார்.

அப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. திருச்சியில் ஒரு பள்ளியில் நான் வேதியியல் எடுக்கிறேன். அந்த வருட விளையாட்டு விழாவில் ஆசிரியைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நூறு மீட்டர்தான். கடைசியாக வந்தேன்; வந்ததோடு மேடைக்குப் பின்னால் போய் வாந்தியும் எடுத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது பள்ளியின் பி.டி. மேடம். என் வயதுதான் இருக்கும். எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். முதுகைத் தடவிக்கொண்டே, "இது காலோட பிரச்சனை இல்லீங்க. மூச்சு, தூக்கம், சாப்பாடு, எல்லாமே சேர்ந்த பிரச்சனை" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த நாட்களில் நான் வீட்டில் கத்துவேன். பால் பொங்கினால் கத்துவேன், சீருடைப் பொத்தான் மாட்டவில்லை என்றால் கத்துவேன். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். குழந்தை என்னைப் பார்த்துப் பயப்படுகிறாளோ என்று ஒரு பயம், அதைக் கணவரிடம் கேட்கவும் பயம்.

மேடம் ஒரு தாளில் திட்டம் எழுதித் தந்தார். "வேகம் மட்டும் வேணும்னா நான் ஆள் இல்ல. ஓடற ஆளா மாறணும்னா இதைப் பண்ணுங்க." வாரத்தில் இரண்டு நாள் மெதுவான ஓட்டம், பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவுக்கு மெதுவாக. ஒரு நாள் விளக்குக் கம்பக் கணக்கு: ஒரு கம்பத்திலிருந்து அடுத்தது வரை விரட்டி ஓடிவிட்டு, அதற்கடுத்தது வரை தளர்ந்து ஓட வேண்டும். ஒரு நாள் வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதல். இரண்டு நாள் ஓட்டமே இல்லை, வீட்டிலேயே காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி. ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

நான் எதையும் பாதியாகச் செய்கிறவள் இல்லை. அதில் பெருமை ஒன்றும் இல்லை, பயம்தான். ஒற்றைக் காலில் நின்று தோசை வார்த்தேன். பேசிக்கொண்டே ஓடச் சொன்னார் என்பதற்காக, ஆளில்லாத வீதியில் தனிம வரிசையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். பொட்டாசியம் வரும்போது மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில், ஒரு வீட்டின் மாடியில். வாசலில் இறங்கி இடது கைப் பக்கம் திரும்பினால் மேற்கு. அப்படியே ஓடி மேற்குச் சித்திரை, வடக்கு, கிழக்கு என்று நான்கு வீதியும் சுற்றினால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வரும். கோயில் எப்போதும் வலது கைப் பக்கம். வேறு திசையில் ஓடலாம் என்று எனக்குத் தோன்றியதுகூட இல்லை. நான் லால்குடிப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊர்ச் சின்னக் கோயிலையே இடமிருந்து வலமாகத்தான் சுற்றிப் பழக்கம். இங்கே கேட்கவா வேண்டும். நான் ஓடுகிற நேரத்தில் நடந்து சுற்றுகிறவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் போவார்கள். நானும் வேண்டுதலுக்காக ஓடுகிறேன் என்றே கீழ் வீட்டு மாமி முதலில் நினைத்திருந்தார். வீட்டுச் சொந்தக்காரரும் அவர்தான். ஐந்தரைக்கு வாசல் தெளித்துக் கோலம் போட உட்காருவார். நான் கடக்கும்போது தலை நிமிராமல் "ஆச்சா?" என்பார். "இன்னும் ஒண்ணு மாமி" என்பேன்.

திரும்பி வந்ததும் முதல் கேள்வி எப்போதும் அதுதான். வேர்வையோடு படுக்கையறைக் கதவைத் தள்ளி, கிசுகிசுப்பேன்: "எழுந்தாளா?"

"அசையவே இல்ல."

ஏழு மாதம் இதே பதில். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள், போர்வை கழுத்துவரை. எனக்கு நம்ப முடியாத நிம்மதி. மாலைத் தூக்கத்தைக் குறைத்ததால் காலையில் நன்றாகத் தூங்குகிறாள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பள்ளியில் சக ஆசிரியைகளுக்கு அதை ஆலோசனையாகவும் சொன்னேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

ஓட்டம் முன்னேறியது. ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவள், எட்டரைக்கு வந்து, பிறகு ஏழரைக்கு வந்தேன். இரண்டு சுற்று மூன்றானது. தனிம வரிசையில் துத்தநாகம் வரை மூச்சு இடறாமல் போனேன். நன்றாகத் தூங்கினேன். பால் பொங்கினால் துடைத்தேன். ஒவ்வொரு முறை நேரம் குறையும்போதும் கணவரிடம் கைக்கடிகாரத்தைக் காட்டுவேன். அவர் கைதட்டுகிற மாதிரி சத்தம் வராமல் பாவனை காட்டுவார், குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று. அந்தச் சத்தமில்லாத கைதட்டலை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏழாவது மாதம் இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. ஷூவை எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் காட்டினேன். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

"எங்க ஓடறீங்க?"

சொன்னேன்.

"தினமும் ஒரே பக்கமாவா? ரோடு ஓரம் சாய்வா இருக்கும்ல, ஒரு கால் எப்பவும் பள்ளத்துலயே இறங்குது. திரும்பறதும் நாலு மூலையிலயும் ஒரே பக்கம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரிவர்ஸ்ல சுத்துங்க."

"மேடம், அப்படிச் சுத்தக் கூடாது."

"ஏன்?"

"கோயில்."

அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கொஞ்சம் யோசித்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க சுத்தலியே. ஓடத்தானே செய்றீங்க?"

"சாமிக்கு அது தெரியணுமே மேடம்."

"சாமிக்கு முட்டி வலியும் தெரியும்" என்றார்.

இரண்டு வாரம் வலியோடு பழைய திசையிலேயே ஓடினேன். வேறு தெருக்களில் ஓடியிருக்கலாம். ஆனால் நாய்கள் உண்டு, வெளிச்சம் போதாது, வீட்டிலிருந்து தூரம். குழந்தை எழுந்தால் போன் வரும், ஓடி வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் சித்திரை வீதியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கடைசியில் ஒரு புதன்கிழமை, வாசலில் இறங்கி ஒரு நிமிடம் நின்றேன். கோபுரம் இருக்கிற பக்கம் பார்த்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வலது கைப் பக்கம் திரும்பி, கிழக்கே ஓடினேன்.

பழகிய வீதி அந்நியமாக இருந்தது. எதிரே நடந்து வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அதுவரை எல்லோருக்கும் என் முதுகைத்தான் தெரியும். நான்கு வீதியும் சுற்றி, மேற்குப் பக்கமிருந்து எங்கள் வீட்டை நோக்கி வந்தேன். எங்கள் படுக்கையறை ஜன்னல் மேற்குச் சுவரில் இருக்கிறது. பக்கத்து வீடு தாழ்வான ஓட்டு வீடு, அதனால் தூரத்திலிருந்தே அந்த ஜன்னல் முழுதாகத் தெரியும். கிழக்கிலிருந்து ஓடி வரும்போது அந்தச் சுவர் கண்ணிலேயே படாது. வீட்டைக் கடந்த பிறகு திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. ஓடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜன்னலில் நீல வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. போன் வெளிச்சம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எழுந்தாளா?"

"அசையவே இல்ல."

அவர் போன் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்தவுடன் போன் பார்க்கிற பழக்கத்தைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்று யோசித்து, என் பொருட்டு ஐந்து மணிக்கே விழித்திருக்கிற மனிதரிடம் என்ன குறை சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த எதிர்ச்சுற்று வெள்ளிக்கிழமை. முதல் சுற்று முடிந்து அதே இடத்துக்கு வந்தேன். தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னலில் நேராக விழுந்திருந்தது. என் மகள் கட்டில்மேல் ஏறி ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலை கலைந்து, மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு. நான் வழக்கமாக முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிப்போகிற பக்கம் அது.

அந்தப் பக்கத்திலிருந்து நான் முகம் தெரிய வருவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சிரிப்பாள், கையாட்டுவாள் என்று ஒரு விநாடி நினைத்தேன். அவள் சட்டென்று கீழே உட்கார்ந்து மறைந்துகொண்டாள். ஜன்னலில் கம்பி மட்டும் இருந்தது.

நான் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது அடி ஓடிய பிறகுதான் கால் நின்றது. மாடிப்படி ஏறிக் கதவைத் தள்ளினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், போர்வை கழுத்துவரை. கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட?"

"எழுந்தாளா?"

"அசையவே இல்ல."

குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். இமைகள் இறுக மூடியிருந்தன. தூங்குகிற குழந்தையின் இமை அப்படி இறுகாது. தலையணைக்கு அடியில் கைவிட்டேன். போன் சூடாக இருந்தது.

மகளைக் குளிப்பாட்டும்போது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"காலையில ஜன்னல்ல நின்னியாடா?"

"இல்லியே. தூங்கினேன்."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். மூன்றே முக்கால் வயது. தலைவலி என்று பொய் சொல்லக்கூட இன்னும் தெரியாத வயது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"அம்மா திட்ட மாட்டேன். சும்மா சொல்லு."

சோப்பு நுரையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "நீ மூணு தடவை போவே" என்றாள். பிறகு, "சொல்லக் கூடாது. சொன்னா நீ ஓட மாட்டியாம். ஓடலைன்னா கத்துவியாம். அப்பா சொன்னாரு."

நான் தண்ணீரை ஊற்றி முடித்தேன். துவட்டினேன். சீருடைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினேன்.

பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் மாமி இருந்தார். காலையில் நான் எதிர்த்திசையில் ஓடியதைப் பார்த்திருக்கிறார். "என்னம்மா இது, அப்பிரதட்சிணமா வந்துண்டிருந்தியே?" என்றார். முட்டி வலி என்றேன். அவர் சமாதானமாகவில்லை. நான் கேட்டேன்: "மாமி, காலையில எங்க குழந்தை அழற சத்தம் கேக்குமா உங்களுக்கு?"

அவர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டார். "உன் ஆத்துக்காரர் சொல்லிட்டாரா?"

"ம்."

"அப்பாடா. எனக்கு மனசே கேக்கலை. நீ போன கையோட எழுந்துடும். கொஞ்ச நாழி அழும், அப்புறம் அடங்கிடும். முதல் வாரத்துலேந்தே அப்படித்தான். அவகிட்ட சொல்லிடாதேங்கோ மாமி, இப்பத்தான் கொஞ்சம் நன்னாயிருக்கான்னு கேட்டுண்டார். நல்ல மனுஷன்மா."

முதல் வாரத்திலிருந்து. அந்த ஏழு மாதமும் கோலம் போட்டபடி "ஆச்சா?" என்று கேட்டவருக்கும் தெரியும். கிசுகிசுத்த குரலில் பதில் சொன்னவருக்கும் தெரியும். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டவளுக்கும் தெரியும். வீட்டில் தெரியாதவள் நான் ஒருத்தி. என்னைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்; நான் வீதியில் மூச்சை அளந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

மாலையில் அவர் வந்ததும் கேட்டேன். குழந்தையைக் கீழே மாமியிடம் விட்டிருந்தேன்.

"என்னங்க, எதுக்கு?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. ஹெல்மெட்டை மேசையில் வைத்தார். "சொல்லியிருந்தா நிறுத்திருப்ப."

"நிறுத்தணும்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"அதான் சொல்லல."

"சொல்லாம இருக்கல நீங்க. அசையவே இல்லன்னு தினமும் சொன்னீங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, "ரெண்டு நிமிஷம்தான் அழுவா. போனைக் குடுத்தா சரியாயிடுவா. நீ ஓட ஆரம்பிச்சப்பறம்தான் இந்த வீடு வீடா இருக்கு. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

"அவளைப் பொய் சொல்ல வச்சிருக்கீங்க."

"விளையாட்டு மாதிரிதான் சொன்னேன். அம்மா வர்ற சத்தம் கேட்டா தூங்கற மாதிரி நடிக்கணும்னு. அவளுக்குச் சிரிப்புதான்."

"நான் கத்துவேன்னு சொன்னது? அதுவும் விளையாட்டா?"

அப்போது நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். அது எனக்குக் காதில் விழுந்தது. அவர் முகத்தில் 'பார்த்தாயா' என்று ஒன்று வந்து போனது. அவர் அதை மறைக்கத்தான் முயன்றார், ஆனாலும் வந்தது.

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதும் அந்த வரியை எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக முடிகிறது. ஐந்து மணிக்கு அழுகிற குழந்தையைத் தினமும் தனியாகச் சமாளித்தவர். வேறு வீடுகளில் 'உன் ஓட்டத்தால்தான்' என்று சொல்லிக்காட்டியிருப்பார்கள். எனக்காகத்தான் செய்தார் என்று என் அம்மாவும் போனில் சொன்னாள். எனக்கே பாதி நேரம் அப்படித் தோன்றும். ஆனால் முடிவெடுக்க வேண்டியவள் நான். குழந்தை அழுதாலும் ஓடுகிறவளா, ஓட்டத்தை விடுகிறவளா என்று நானே எடைபோட்டு, தப்பாகவாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அந்த எடையைத் தாங்க மாட்டேன் என்று அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். நான் உடைந்துவிடுகிற சாமான் என்று என் மகளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அவளும் நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

பதினொரு நாள் ஓடவில்லை. பொதுவாக நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். ஷூ பரணில் ஏறியது. ஆனால் மகள் பழக்கப்படி ஐந்து மணிக்கே எழுந்தாள். பக்கத்தில் நான் இருப்பதைப் பார்த்து, "போகலையா?" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். எச்சரிக்கைதான் இருந்தது. நான் எப்போது கத்தப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் கத்தினேன், தண்ணீர் பாட்டிலுக்காக.

பன்னிரண்டாம் நாள் ஷூவை இறக்கினேன். நான் கிளம்புவதற்கு முன்னால் அவளைத் தட்டி எழுப்பினேன். "அம்மா ஓடப் போறேன். மூணு தடவை. நீ அழணும்னா அழு. ஜன்னல்ல நிக்கணும்னா நில்லு. ஒளிய வேண்டாம்." கணவர் எழுந்து, "தூங்கற குழந்தையை எழுப்பி அழ வைக்கணுமா?" என்றார். அவள் அழுதாள். படியிறங்கும்வரை கேட்டது, வாசல்வரை கேட்டது. அந்த அழுகை நிஜமாகக் கேட்டதே எனக்கு அன்றைக்கு ஒரு ஆறுதல். இது சரியா என்று தெரியாது. ஒரு வேளை அவர் செய்ததைவிட நான் செய்தது கொடுமையோ என்னவோ. ஒரு வாரத்தில் அழுகை நின்றது. இப்போது ஜன்னலில் நின்று கையாட்டுகிறாள்.

ஆனால் வீட்டுக்குள் ஒன்று போனது போனதுதான். கேஸை மூடிவிட்டேன் என்று அவர் சொன்னால் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன். குழந்தை சாப்பிட்டாள் என்றால் தட்டைப் பார்க்கிறேன். பார்ப்பது அவருக்குத் தெரிகிறது. மகள் மதியம் தூங்கும்போது இமைகளைக் குனிந்து பார்க்கிறேன்.

மீண்டும் தொடங்கிய பிறகு முழுக்க எதிர்த்திசையிலேயே ஓடினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற கணக்கை விட்டுவிட்டேன். ஜன்னல் எதிரே இருந்தால்தான் மூச்சு ஒழுங்காக வந்தது. மாமி இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்தே வாரத்தில் வலது முழங்கால் வலித்தது.

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "மாத்தி மாத்தின்னு சொன்னேனே, நீங்க ஒரேயடியா அந்தப் பக்கம் போயிட்டீங்களா?" அதன்பிறகு ஒழுங்காக மாற்றி மாற்றித்தான் ஓடுகிறேன். போன வாரம் என் கைக்கடிகாரத்தின் பதிவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தவர், விரலால் பெரிதாக்கினார்.

"நல்லா வந்துட்டீங்க. மூச்சு, அடி, எல்லாமே. ஆனா பாருங்க, கோயில் வலது பக்கம் வர்ற மாதிரி ஓடற நாள்ல, ஒவ்வொரு சுத்துலயும் ஒரே இடத்துல வேகம் விழுது. உங்க வீட்டைத் தாண்டின உடனே. எதிர்ப்பக்கம் ஓடற நாள்ல விழல. என்ன இருக்கு அங்க, ஸ்பீடு பிரேக்கரா?"

அந்த இடத்தில் நான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறேன். அவள் நிற்கிறாளா, போன் வெளிச்சம் இருக்கிறதா, யாராவது சட்டென்று குனிகிறார்களா என்று. நாலைந்து அடி தடுமாறும்.

"ஆமா மேடம்" என்றேன். "ஸ்பீடு பிரேக்கர்தான்."